கழற்றி எறிந்தால் வேகம் வருமா?

“பின் சீட்டைக் கழற்று, கார்ப்பெட்டைப் பிடுங்கு, ஏசியைத் தூக்கிப் போடு. இருக்கிற எஞ்சினிலேயே வண்டி பறக்கும்.”

ரேலி ஓட்ட ஆசைப்படும் இளைஞர்கள் கூடுகிற எந்த மெக்கானிக் ஷெட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் முசரவாக்கத்திலும் இதே பேச்சுதான். இங்கிருந்து நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே ஒரு மணி நேரம் போனால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஓட்டக்களம் 1990 முதல் அங்கே இருக்கிறது. தென்னிந்திய ரேலியை நடத்துவதும் அதே கிளப்தான். இவ்வளவு பக்கத்தில் பந்தயம் நடக்கும்போது பிள்ளைகளுக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆசை இருக்கிறது, கையில் காசு இல்லை. எஞ்சினில் கை வைத்தால் லட்சக்கணக்கில் போகும், சீட்டைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். அதனால்தான் எடையைக் கழற்றுவதே ஏழையின் வேகம் என்ற நம்பிக்கை வேர் பிடித்திருக்கிறது.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மற்றப் பாதி ஆளைக் கொல்லக்கூடியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எடை குறைந்தால் வண்டி சீக்கிரம் வேகமெடுக்கும், சீக்கிரம் நிற்கும், டயரும் பிரேக்கும் குறைவாகத் தேயும். இதில் சண்டை இல்லை. சண்டை அளவில்தான் இருக்கிறது. பழைய மாருதி எஸ்டீமை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஏறத்தாழ 875 கிலோ. ஓட்டுநர், நேவிகேட்டர், அவர்கள் அணியும் ஹெல்மெட், உடுப்பு எல்லாம் சேர்த்து 160 கிலோ என்பது மோட்டார் பந்தயத்தின் உலக அமைப்பான எஃப்ஐஏ வைத்திருக்கும் கணக்கு. ஆக மொத்தம் 1,035 கிலோ. அதில் அரும்பாடுபட்டு 20 கிலோவைக் குறைத்தாலும் 2 சதவீதத்தைத் தொடாது. அந்த 2 சதவீதமும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கும் நேரத்தில்தான் நன்றாகத் தெரியும். மண் ரோட்டில், வளைவுக்கு வளைவு காலைத் தூக்கி மிதிக்கும், நேரம் பார்த்து ஓட்டும் ஸ்டேஜில், அப்படி மிதிக்கக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று ஓட்டியவர்களைக் கேளுங்கள்.

அடுத்து, எவ்வளவு கழற்றுகிறோமோ அவ்வளவும் லாபம் என்ற வாதம். இது வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாத கணக்கு. பின் சீட்டு, தரைவிரிப்பு, கூரைத்துணி, கதவுப் பலகைகள், ஏசி, பாட்டுப்பெட்டி, தரையில் ஒட்டிய தார் அட்டை, முன்னிருக்கைகள் என்று ஒரு சின்ன செடானில் விதி அனுமதிக்கிற எல்லாவற்றையும் எடுத்தால் 70 முதல் 90 கிலோ வரை தேறும். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். வண்டிக்குள் பூட்டும் எஃகுக் குழாய்க் கூடான ரோல் கேஜ் மட்டுமே 60 கிலோவை நெருங்கும். இரண்டு பந்தய இருக்கைகளும் அவற்றைத் தாங்கும் சட்டங்களும் 20 கிலோவைத் தாண்டும். ஆளை இருக்கையோடு கட்டும் பல முனைச் சேணப்பட்டைகள், எஞ்சினின் அடியைக் காக்கும் சம்ப் கார்டு, தீயணைப்பான், ஜாக்கி, கருவிகள், கூடுதல் விளக்குகள் எல்லாம் ஏற வேண்டும். கூட்டிப் பார்த்தால் 100 கிலோவைத் தாண்டிவிடுகிறது. கையில் இருக்கும் காசில் ஒழுங்காகத் தயாரித்த ரேலி கார், ஷோரூமிலிருந்து வந்த எடைக்கே திரும்பி வந்து நிற்கும். சில வண்டிகள் கொஞ்சம் கூடவும் செய்யும்.

ஏமாற்றம் வேண்டாம், அது தோல்வி இல்லை. நான் சொல்ல வந்ததே அதுதான். சாதாரண ரேலி வண்டியில் எடையைக் குறைப்பது, உயிரைக் காக்கும் எடைக்கு இடம் ஒதுக்குவதற்காக. பின் சீட்டு போன இடத்தில் கேஜ் வர வேண்டும், ஏசி போன இடத்தில் சம்ப் கார்டு வர வேண்டும். கழற்றுவது மட்டும் நடந்து, பூட்டுவது நடக்காத வண்டி ரேலி கார் ஆகாது. அது பாதுகாப்பு பாதி போன பழைய கார்.

எங்கள் பக்கத்தில் பட்டும் ஜரிகையும் தராசில் ஏறிய பிறகுதான் நெசவாளர் கைக்குப் போகும். நெய்த சேலையும் தராசில் ஏறிய பிறகுதான் கணக்கு தீரும். எத்தனை கிராம் போனது, எத்தனை கிராம் திரும்பியது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும். அந்த ஊரில் வளர்ந்த பையன்கள், வண்டியை ஒருமுறைகூட நிறுக்காமல் “நூறு கிலோ குறைச்சிட்டேன் அண்ணா” என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நெடுஞ்சாலையோரம் எங்கு பார்த்தாலும் எடைமேடை உண்டு. லாரிக்கான மேடை என்பதால் ஐந்து, பத்து கிலோ முன்னே பின்னே காட்டும், பரவாயில்லை. முதலில் முழு வண்டியையும் ஏற்றுங்கள். பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்திப் பாருங்கள், அடுத்துப் பின் சக்கரங்களை மட்டும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். கழற்றும் ஒவ்வொரு சாமானையும் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பூட்டும் சாமானையும் அதே நோட்டில் எழுதுங்கள். இரண்டு பக்கம் நிரம்புவதற்குள் எங்கே கை வைக்க வேண்டும், எங்கே வைப்பது வீண் என்று வண்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி ரோல் கேஜ். “அது வெறும் சுமை. ஸ்க்ரூட்டினியில் (பந்தயத்துக்கு முந்தைய வண்டிச் சோதனையில்) காட்டுவதற்காக மெல்லிசுக் குழாயில் ஒன்று அடித்து வைத்தால் போதும்” என்கிறார்கள். நான் கேட்டதிலேயே மோசமான வாதம் இதுதான். கதவு, கூரை, தூண் எல்லாம் நசுங்கிய பிறகும் உள்ளே இருவர் உட்காரும் அளவு இடம் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான் கேஜ் இருக்கிறது. எஃப்ஐஏ விதிப்படி ஓட்டுநர் தலைக்குப் பின்னே வளையும் பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவர்க் கனமும் உள்ள குழாய் வேண்டும். அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் இருக்கலாம். மற்ற உறுப்புகளுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. குழாய் தையல் இல்லாததாக, குளிர்முறையில் இழுத்த கார்பன் எஃகாக இருக்க வேண்டும். வளைக்கும்போது சூடு காட்டக் கூடாது, வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. உள்ளூர்ப் போட்டிக்கு இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் விதிப் புத்தகத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையில் காசில்லாதவருக்கு உண்மையிலேயே கிடைக்கும் எடைக் குறைப்பு இந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. 45-க்கு 2.5 குழாய் ஒரு மீட்டர் சுமார் 2.62 கிலோ. 50-க்கு 2 குழாய் சுமார் 2.37 கிலோ. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவு, ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பில் 15 சதவீதம் அதிகம். குழாயின் விறைப்பு சுவர்க் கனத்தைவிட விட்டத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது என்பதுதான் காரணம். 38-க்கு 2.5 குழாய் மீட்டருக்கு 2.19 கிலோ, 40-க்கு 2 குழாய் 1.87 கிலோ. இங்கே விறைப்பு இரண்டு சதவீதம் குறைகிறது, எடையோ 14 சதவீதம் குறைகிறது. பிரதான வளைவுக்கு 5 மீட்டரும் மற்றவற்றுக்கு 25 மீட்டரும் போகும் ஒரு கேஜில், முதல் வகைக் குழாய்கள் 68 கிலோவும் இரண்டாம் வகைக் குழாய்கள் 59 கிலோவும் வரும். விதியை மீறாமல், பாதுகாப்பை விடாமல், குழாய் வாங்கும் கடையிலேயே 9 கிலோ குறைந்துவிட்டது. இதை எந்த ஷெட்டிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சீட்டைக் கழற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

மெல்லிய சுவருள்ள அகலக் குழாயை வளைக்க நல்ல வளைப்பு எந்திரம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளைவில் நசுங்கிய குழாய் தாங்காது. தண்ணீர் வரும் ஜி.ஐ. பைப்பில் கேஜ் அடிப்பது பற்றி ஒரே வார்த்தை: அடிக்காதீர்கள். அது தையல் போட்ட குழாய். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கையும் கெடுக்கும், வெல்டிங் செய்பவரின் நுரையீரலையும் கெடுக்கும்.

லேசான வண்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உலக ரேலி ஒருமுறை பார்த்தது. 1980-களில் குரூப் பி என்றொரு பிரிவு இருந்தது. எஃகுத் தகட்டுக்குப் பதில் கெவ்லாரும் ஃபைபரும், அதற்குள் அசுர எஞ்சின். லான்சியா டெல்டா எஸ்4 சுமார் 890 கிலோதான். 1986 மே 2 அன்று கோர்சிகாத் தீவில் ஹென்றி டொய்வோனனும் அவருடைய நேவிகேட்டர் செர்ஜியோ கிரெஸ்டோவும் சாலையை விட்டு விழுந்த அந்த வண்டியிலேயே தீயில் கருகினார்கள். எரிபொருள் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. சரியாக ஓராண்டு முன்பு, 1985 மே 2 அன்று, அதே ரேலியில் லான்சியா 037 ஓட்டிய அட்டிலியோ பெட்டேகா இறந்திருந்தார். அடுத்த ஆண்டு முதல் குரூப் பி வண்டிகளுக்கு உலக ரேலியில் இடமில்லை. இன்று உலகெங்கும் ஓடும் ரேலி2 பிரிவு வண்டிகளுக்கு 1,230 கிலோவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. பணம் கொழிக்கும் கம்பெனிகளுக்கே குறைந்தபட்ச எடை கட்டாயம் என்றால், அதன் பின்னே எத்தனை சாவுகள் இருக்கும் என்று யோசியுங்கள்.

ஃபார்முலா ஒன்னில் லேசாக்குவதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தவர் லோட்டஸ் அணியின் காலின் சாப்மன். 1969-இல் ஸ்பெயினில் இறக்கை முறிந்து வண்டி நொறுங்கியதில் தப்பிய அவருடைய அணி ஓட்டுநர் ஜோகன் ரிண்ட், சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் வண்டி ஏற்கெனவே போதுமான வேகம், பலவீனமான பாகங்களுக்கு இன்னும் கொஞ்சம் எடை கூட்டுங்கள் என்பது அதன் சாரம். 1970 செப்டம்பர் 5 அன்று மோன்சாவில் லோட்டஸ் 72-இன் முன் பிரேக் தண்டு முறிந்து ரிண்ட் இறந்தார். அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் பட்டம் இறந்த பிறகு அவருக்கு வந்தது. வேகத்தில் குறையே இல்லாத ஒரு மனிதர் எடை கூட்டச் சொல்லிக் கேட்ட அந்தக் கடிதத்தைத்தான் ஒவ்வொரு ஷெட்டிலும் பேச வேண்டும் என்பேன்.

“லேசான வண்டிதான் எப்போதும் ஜெயிக்கும்” என்பார்கள். நம் தேசிய ரேலியிலேயே இதற்கு மறுப்பு ஓடியிருக்கிறது. மஹிந்திரா எக்ஸ்யூவி500 ஒன்றே முக்கால் டன்னுக்குக் குறையாத வண்டி. கௌரவ் கில் அதை ஓட்டி, தன்னைவிட அரை டன்னுக்கு மேல் லேசான கார்களை முந்தி ரேலிகளை வென்றிருக்கிறார். கம்பெனி அணியின் காசும், ஆசிய பசிபிக் சாம்பியனாகி 2019-இல் அர்ஜுனா விருது வாங்கிய ஓட்டுநரின் கையும் அதில் இருந்தன என்பது சரி. ஆனாலும் குண்டும் குழியுமான ரோட்டில் அந்த வண்டிக்கு உதவியது உயரமும் நீண்ட சஸ்பென்ஷனும்தான். மாருதி ஜிப்ஸியும் இறகுபோன்ற வண்டி இல்லை. லாரி மாதிரி சட்டமும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள அந்த வண்டியில்தான் ஹரி சிங் போன்றவர்கள் பெயர் எடுத்தார்கள். அடி வாங்கி எழுந்து ஓடும் குணம் அதற்கு இருந்தது.

பின்னால் இருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் வேறொரு தொல்லை வரும். ஒரு பின் சக்கரத்தின் மேல் 20 கிலோ குறைந்தால், மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கில் வண்டி சுமார் ஒரு சென்டிமீட்டர் எழும்பும். குடும்பத்தோடும் பெட்டியோடும் ஊருக்குப் போவதற்காக வடிவமைத்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இப்போது அந்த லேசான பின்பக்கத்துக்கு விறைப்பாகிவிடும். சரளையில் பின் சக்கரம் குதிக்கும், பிரேக் பிடித்தால் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். பாதி வண்டியைக் கழற்றியும் ஸ்டேஜ் நேரம் கூடியது ஏன் என்று விழிப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கழற்றியதில் மிச்சமான காசில் ஷாக் அப்சார்பரைச் சரிசெய்வது இன்னும் பத்து கிலோவைத் தேடுவதைவிடப் பயன் தரும்.

சில சின்ன நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். கதவின் உள்தகட்டில் ஓட்டை போடுவது: ஒரு மில்லிமீட்டர் தகட்டில் 25 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றுக்கு நான்கு கிராம்கூடப் போகாது. நூறு ஓட்டை போட்டால் நானூறு கிராமுக்கும் குறைவு. அந்த ஓட்டைகளின் விளிம்பிலிருந்துதான் வெடிப்பு கிளம்பும். தண்ணீர் பாட்டில் ஒன்றைக் குறைத்தால் அதைவிட அதிகம் போகும்.

“அலாய் வீல் போட்டால் லேசு.” நல்ல அலாய் லேசுதான். மலிவான வார்ப்பு அலாய் பலவும் கம்பெனி இரும்பு ரிம்முக்குச் சமமான எடை, சில அதற்கு மேலும். வாங்கும் முன் கடையிலேயே நிறுத்துப் பாருங்கள். சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது வண்டிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோவாகத் தெரியும் என்பதால் இந்தத் தராசுக்கு மதிப்பு அதிகம். கல்லில் மோதினால் இரும்பு ரிம் வளையும், சுத்தியலால் தட்டி அடுத்த ஸ்டேஜுக்குப் போகலாம். மலிவு அலாய் உடையும்.

ஸ்டெப்னியை எடுத்துவிடலாம் என்பவர்கள் மண் ரோட்டில் ஒருமுறைகூடப் பஞ்சராகாதவர்களாக இருக்க வேண்டும். சக்கரம் மாற்றினால் சில நிமிடம் போகும், மாற்றச் சக்கரமே இல்லாவிட்டால் ரேலியே போகும். அதைத் தாழ்வாக, அச்சுக்குப் பக்கத்தில், இறுக்கிக் கட்டுவதுதான் செய்ய வேண்டிய வேலை.

பெட்ரோல் கணக்கு உண்மையாகவே இலவசம். லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வையுங்கள். அடுத்த நிரப்பும் இடம் வரை தேவையானதும் கொஞ்சம் கூடுதலும் போதும், தொட்டி நிறையத் தூக்கிப் போக வேண்டாம். அதற்காக அடி வரை குறைக்கவும் கூடாது. நீண்ட வளைவில் பெட்ரோல் ஒதுங்கி எஞ்சின் திணறும். மழைக்காலத்தில் சக்கர வளைவுக்குள் அப்பும் ஏரிமண்ணைச் சர்வீஸில் சுரண்டிக் கழுவுவதும் இலவசம். இரண்டு பக்கெட் மண்ணைச் சுமந்து ஓடும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

சம்ப் கார்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் செலவழிக்கச் சொல்வேன். 60-க்கு 70 சென்டிமீட்டர் அளவில் 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு சுமார் 10 கிலோ. அதே அளவில் 6 மில்லிமீட்டர் அலுமினியம் 7 கிலோவுக்குள் அடங்கும், விறைப்போ இரண்டரை மடங்குக்கு மேல். தகடு விலை கூடுதல்தான். ஆனால் ஆயில் சம்ப் உடைந்து எஞ்சின் பிடித்துக்கொண்டால் ஆகும் செலவுக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

கடைசியாக, “கார்பன் ஃபைபர் வாங்க வழியில்லை, நாமே ஃபைபர் பானெட் செய்துகொள்ளலாம்” என்ற யோசனை. உற்பத்திக் காரின் உடலை மாற்றக் கூடாது என்று சொல்லும் பிரிவுகள் பல. அங்கே இந்த பானெட்டோடு போனால் ஸ்க்ரூட்டினியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், நுழைவுக் கட்டணமும் போச்சு. பக்கக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் மாட்டுவதும் அப்படித்தான், உடைந்தால் ஈட்டியாகக் குத்தும். விதிப் புத்தகத்தை முதலில் படித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். குறைந்த செலவில் லேசான வண்டி செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. கோவையின் கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினையும் பாகங்களையும் வைத்து ஃபார்முலா மாருதியைக் கட்டினார். ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டிய பந்தய வண்டி அதுதான். அது ஓர் ஆள் உட்காரத் தேவையானதை மட்டும் வைத்து முதலிலிருந்தே வரைந்து கட்டிய வண்டி. ஓடிக்கொண்டிருந்த குடும்பக் காரை உரித்துச் செய்ததல்ல.

ரேலி கார் ஸ்டேஜுக்கும் ஸ்டேஜுக்கும் நடுவே பொதுச் சாலையில்தான் ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உரித்த காரில் பெல்ட்டும் இல்லாமல் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் நேரம் பார்ப்பது ரேலி ஆகாது. அப்படி ஓட்டும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுடைய அம்மாக்களையும் தெரியும்.

தம்பிகளே, இந்த மாதம் வண்டியில் எதையும் கழற்ற வேண்டாம். எடைமேடையில் ஏற்றி, ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். கழற்றிய சீட்டையும் ஏசியையும் பிறகு சென்னைப் புதுப்பேட்டையில் விற்று வரும் காசை முதலில் கேஜ் குழாய்க்கும், அடுத்துச் சேணப்பட்டைக்கும், அதன் பிறகு ஷாக் அப்சார்பருக்கும் போடுங்கள். கிளப்புகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நான்கு சக்கரத்தையும் தனித்தனியே நிறுக்கும் தராசுத் தொகுதி ஒன்றை இருங்காட்டுக்கோட்டையில் மாதம் ஒரு நாள் புதியவர்களுக்குக் கட்டணமில்லாமல் திறந்து வையுங்கள். பக்கத்தில் விதிப் புத்தகம் தெரிந்த ஸ்க்ரூட்டினியர் ஒருவர் இருந்து, நுழைவுப் படிவம் நிரப்பும் முன்பே இவர்களுடைய கேஜையும் வெல்டிங்கையும் பார்த்துச் சொல்லட்டும்.